மூன்று நாள்கள், ஒரு கதவு: ‘ஒமோரி’ காட்டும் தனிமை

ஒரு வெள்ளை அறை. சுவர் தெரியவில்லை, எல்லையும் தெரியவில்லை. நடுவில் ஒரு விரிப்பு. அதன்மேல் ஒரு மடிக்கணினி, ஓர் ஓவியப் புத்தகம், ஒரு டிஷ்யூ பெட்டி, ஒரு கறுப்புப் பூனை. கூரையே இல்லாத இடத்திலிருந்து கறுப்பு மின்விளக்கு ஒன்று தொங்குகிறது. கறுப்பு வெள்ளைக் கோடுகளால் ஆன ஒரு சிறுவன் அங்கே நிற்கிறான். ஒரு கதவும் இருக்கிறது. கதவைத் திறந்தால் வண்ணங்கள், நண்பர்கள், சீட்டு விளையாட்டு, கேலி, சிரிப்பு.

‘ஒமோரி’ மின்விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டைப் போலிருக்கும். ஆனால் முதல் திரையிலேயே ஓர் எச்சரிக்கை வருகிறது: மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை ஆகியவை இதில் இடம்பெறுகின்றன, எல்லாருக்கும் இது ஏற்றதாக இருக்காது. அந்த எச்சரிக்கை விளம்பரத்துக்காக வைத்ததன்று. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் சித்தி மகன்தான் இதை எனக்கு அறிமுகப்படுத்தினான். “அக்கா, இதை ஆடிப் பாருங்க. ஆனா யூடியூப்ல மட்டும் பாத்துடாதீங்க” என்றான். டிசம்பர் விடுமுறையில், இரவு பத்து மணிக்குமேல் வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு, ஏறக்குறைய இரண்டு வாரம் ஆடினேன். முதல்முறை ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல்கலைக்கழகத்தில் உளவியலைத் துணைப்பாடமாக எடுத்திருப்பதால், ஆடும்போதே பக்கத்தில் ஒரு குறிப்பேடும் இருந்தது. நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா தெரியவில்லை.

முக்கியத் திருப்பங்களை இங்கே உடைக்கப் போவதில்லை. கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்த வெள்ளை அறைச் சிறுவனின் பெயர் ஒமோரி. உண்மையில் அவன் சன்னி என்ற பதின்ம வயது இளையரின் கனவு உருவம். சன்னி ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இன்னும் மூன்று நாள்களில் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயரப் போகிறது. அம்மா முன்பே வெளியூர் போய்விட்டார். தொலைபேசியில் குரல் பதிவுகள் மட்டும் விட்டுவைத்திருக்கிறார். சன்னி தூங்குகிறான், கனவு காண்கிறான், எழுகிறான், மறுபடி தூங்குகிறான்.

கனவுலகில் அவனுடைய நண்பர்கள் ஆப்ரி, கெல், ஹீரோ, பேசில் எல்லாரும் சிறுவயதிலேயே நின்றுவிட்டார்கள். யாருக்கும் வயதாவதில்லை, யாரும் சண்டை போட்டுப் பிரிவதில்லை. நிஜ உலகிலோ ஆப்ரி தலைமுடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு மிதிவண்டிக் கும்பல் ஒன்றுடன் சுற்றுகிறார். ஹீரோ கல்லூரிக்குப் போய்விட்டார். பேசில் நோயுற்ற பாட்டியுடன் வசிக்கிறார். பழைய நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் ஒரு மரணம் நேர்ந்தது. அதன்பிறகு எல்லாரும் சிதறினார்கள்.

கனவுக்குள் பேசில் ஒருநாள் ஒரு புகைப்படத்தைப் பார்த்து அலறுகிறான், பிறகு காணாமல் போகிறான். அவனைத் தேடிப் போவதுதான் கனவுப் பகுதியின் கதை. ஆனால் தேடிப் போனவர்கள் வழியில் ஒரு கோட்டையைப் பார்க்கிறார்கள், ஓர் அரசியின் கல்யாணக் கூத்தில் சிக்குகிறார்கள், ஒரு திமிங்கிலத்தின் வயிற்றுக்குள்ளும் போகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, தாங்கள் யாரைத் தேடி வந்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது. எனக்கு இந்த நடுப்பகுதி சலிப்பூட்டியது. இதில் ஐந்து மணி நேரத்தை வெட்டியிருந்தாலும் குறைந்துபோகாது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு கட்டத்தில் குறிப்பேட்டில் எழுதினேன்: “இது கதையின் இழுவை இல்லை, சன்னியின் இழுவை.” பேசிலைக் கண்டுபிடித்தால் அந்தப் புகைப்படத்தில் இருப்பது என்ன என்பதும் தெரிந்துவிடும். தெரியக்கூடாது என்பதற்காகவே அந்த மனம் புதிது புதிதாகக் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் திடீரென்று அலமாரியை அடுக்கத் தொடங்கும் யாருக்கும் இது புரியும்.

இதை உருவாக்கியவர் ‘ஒமோகேட்’ என்ற புனைபெயரில் இயங்கும் அமெரிக்க ஓவியர். வீட்டுக்குள் முடங்கிய ஒரு பையனைப் பற்றி இணையத்தில் அவர் வரைந்த சித்திரத் தொடரிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. 2014இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடம் பணம் திரட்டியபோது 200,000 அமெரிக்க டாலருக்கும் மேல் சேர்ந்தது. அடுத்த ஆண்டே வெளியிடத் திட்டமிட்டிருந்தார்கள். வந்ததோ 2020 டிசம்பர் 25ஆம் தேதி. உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த ஆண்டின் கடைசி வாரத்தில், வீட்டுக்குள் அடைபட்ட ஒருவனின் கதை வெளியானது. யாரும் திட்டமிட்டிருக்க முடியாத பொருத்தம் அது. ஆர்பிஜி மேக்கர் என்ற, பள்ளி மாணவர்களும் கற்றுக்கொள்ளக்கூடிய மென்பொருளில் இதை உருவாக்கினார்கள் என்பது கணினி மன்றத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கான கூடுதல் செய்தி.

வீட்டுக்குள் முடங்குவதற்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ‘ஹிக்கிகொமோரி’. ஒமோரி என்ற பெயரே அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போலிருக்கிறது. ஜப்பானிய மனநல மருத்துவர் சைத்தோ தமாகி 1998இல் எழுதிய நூலுக்குப் பிறகு அந்தச் சொல் உலகெங்கும் பரவியது. ஆறு மாதம் அல்லது அதற்கும் மேலாக வீட்டோடு ஒதுங்கியிருப்பவர்களை அது குறிக்கிறது. 2023இல் ஜப்பானிய அரசாங்கம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 64 வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய 1.46 மில்லியன் பேர் அங்கே அப்படி வாழ்கிறார்கள். இது ஜப்பானின் விநோதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் சொன்னது. முதியவர்களின் சிக்கல் என்று நாம் நினைப்பது இளையர்களிடமும் கூடுதலாகவே இருக்கிறது என்பது அந்த அறிக்கையின் முக்கியமான பகுதி.

ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. நூலகத்தின் மூலையில் ஒரு பிற்பகல் முழுக்கத் தனியாக இருந்துவிட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பலாம். நாற்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் இருந்துகொண்டே வாடவும் வாடலாம். தனிமை உணர்வைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜான் கசியோப்போ அதைப் பசியோடும் தாகத்தோடும் ஒப்பிட்டார். உணவு வேண்டும் என்று உடல் சொல்வது பசி. மனிதர்கள் வேண்டும் என்று உடல் சொல்வது தனிமை உணர்வு. அப்படிப் பார்த்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பசிக்கு இல்லாத ஒரு கோளாறு தனிமைக்கு உண்டு. நீண்டகாலம் தனிமையில் இருப்பவர்கள் மற்றவர்களின் முகத்தில் வெறுப்பையும் நிராகரிப்பையும் முன்கூட்டியே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எவ்வளவுக்கெவ்வளவு ஆள் தேவையோ, அவ்வளவுக்கவ்வளவு ஆளைக் கண்டால் பயம்.

இனி விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சண்டைகளில் உணர்ச்சிகள்தாம் ஆயுதம். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றும் கல், காகிதம், கத்தரிக்கோல் போலச் சுழல்கின்றன. மகிழ்ச்சி கோபத்தை வெல்லும், கோபம் சோகத்தை வெல்லும், சோகம் மகிழ்ச்சியை வெல்லும். சோகமாக இருப்பவருக்குத் தற்காப்பு கூடும், வேகம் குறையும். கோபப்படுபவர் பலமாக அடிப்பார், அடியும் பலமாக வாங்குவார். மகிழ்ச்சியில் இருப்பவர் வேகமாக ஓடுவார், குறி தவறுவார். கவிதை வாசித்து நண்பரைச் சோகமாக்கலாம். சோகம் அந்த நேரத்தில் தேவைப்பட்டால் அதுவும் ஓர் உதவிதான். எந்த உணர்ச்சியும் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை என்பதை எங்கள் விரிவுரையாளர் இரண்டு மணி நேரம் எடுத்துச் சொன்னதைவிட இது தெளிவாகச் சொல்கிறது. (தோற்றுப்போன பாத்திரம் வாட்டிய ரொட்டித் துண்டாக மாறிவிடும். கயா தடவத் தோன்றியது.)

இந்த முக்கோணத்துக்கு வெளியே நிற்பது அச்சம். நிஜ வீட்டில், நள்ளிரவில், சன்னி மாடிப்படி இறங்கும்போது படிகள் முடிவில்லாமல் நீள்கின்றன. உயரம், சிலந்தி, தண்ணீர் என்று மூன்று அச்சங்கள் உருவமெடுத்து வருகின்றன. அடித்தால் எதுவும் ஆகாது. மூச்சை நிதானப்படுத்தி, மனத்தைக் குவித்து, தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டால்தான் அவை அடங்கும். அஞ்சும் பொருளைப் பாதுகாப்பான சூழலில் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சைமுறை உளவியலில் உண்மையிலேயே உண்டு. 1950களில் ஜோசப் வோல்ப் அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். அதைச் சிகிச்சையாளரின் துணையோடு செய்கிறார்கள் என்பதை மட்டும் விளையாட்டு சொல்லாமல் விட்டுவிடுகிறது.

புதைந்த நினைவு என்ற விஷயத்தில் நான் விளையாட்டோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. தாங்க முடியாத நினைவை மனம் தானாகப் பூட்டிவைக்கும், சாவி கிடைத்தால் அது அப்படியே வெளியே வரும் என்பது திரைப்படங்களுக்கு மிகவும் பிடித்த கருத்து. ஃபிராய்டும் புரோயரும் 1895இல் எழுதிய நூலிலேயே அதன் வேர் இருக்கிறது. இன்றைய ஆய்வாளர்களில் பலர் இதை ஏற்பதில்லை. நினைவு என்பது பெட்டிக்குள் இருக்கும் புகைப்படம் அன்று. நினைக்கும் ஒவ்வொரு முறையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் ஜாக்குலின் பிக்கரலுடன் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பிரபலமான சான்று. 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுச் சம்பவங்கள் என்று நான்கைச் சொன்னார்கள். மூன்று உண்மை. சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனது என்ற நான்காவது, பொய். ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அந்தப் பொய்யையும் முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தார்கள். ஆக, மறந்துபோன ஒன்று திடீரென்று நினைவுக்கு வந்தது என்பதால் மட்டும் அது நடந்ததாக ஆகிவிடாது. நடக்கவில்லை என்றும் ஆகிவிடாது.

ஆனால் கூர்ந்து பார்த்தால், சன்னி மறந்துவிட்டான் என்று சொல்வது சரியா என்ற கேள்வி எழுகிறது. மறந்தவன் எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும்? ஒவ்வோர் இரவும் ஒரு கனவுலகத்தைக் கட்டி, காவல் வைத்து, அது ஆட்டம் காணும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டிய தேவை என்ன? அவன் செய்வது மறதி இல்லை, தவிர்ப்பு. இதற்குத்தான் அறிவியல் பக்கபலம் அதிகம். டேனியல் வெக்னரும் சக ஆய்வாளர்களும் 1987இல் செய்த வெள்ளைக் கரடிச் சோதனையை உளவியல் மாணவர்கள் எல்லாரும் படித்திருப்பார்கள். மனத்தில் ஓடுவதை ஐந்து நிமிடம் உரக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக்கூடாது. நினைத்தால் மணியடிக்க வேண்டும். பங்கேற்றவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் மணியடித்தார்கள். பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும், தொடக்கத்திலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்கள்தாம் கரடியை அதிகம் நினைத்தார்கள். வெள்ளை அறையில் தொங்கும் அந்தக் கறுப்பு விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கரடி ஞாபகம் வந்தது.

முதல்நாள் காலை சன்னியின் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பவன் கெல், பக்கத்து வீட்டுக்காரன். சன்னி ஊரைவிட்டுப் போகிறான் என்று தெரிந்து வந்திருக்கிறான். திறப்பதா வேண்டாமா என்று விளையாட்டு நம்மைக் கேட்கிறது. இசை இல்லை, பரபரப்பு இல்லை, இது முக்கியமான முடிவு என்ற எந்தக் குறிப்பும் இல்லை. ஆனால் முழுக் கதையும் இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. திறந்தால் ஊர், வெயில், பழைய நண்பர்கள், சங்கடங்கள், உண்மை. திறக்காவிட்டால் மூன்று நாளும் வீட்டுக்குள்தான். கனவு மட்டும் இன்னும் விரிவாக, இன்னும் அழகாக வளரும். என் சித்தி மகன் முதல்முறை திறக்கவில்லையாம். “பேய்க் கதை மாதிரி இருந்துச்சுக்கா, யாரு தட்டுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். சன்னியின் நிலையும் கிட்டத்தட்ட அதேதான்.

கெல் என்ன கேட்கிறான் என்பதைக் கவனியுங்கள். “நான்கு வருஷமா ஏன் வெளியே வரல?” என்று அவன் விசாரிப்பதில்லை. வா, சுற்றிவிட்டு வரலாம் என்கிறான். அவ்வளவுதான்.

இதைப் பார்த்தபோது பலதுறைத் தொழிற்கல்லூரியில் என்னுடன் படித்த ஒரு நண்பரை நினைத்துக்கொண்டேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். இரண்டாம் ஆண்டின் நடுவில் அவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். குறுஞ்செய்திகளில் ஒற்றைச் சாம்பல் நிறக் குறி, பார்த்ததாகக்கூடக் காட்டவில்லை. எங்கள் குழுவில் இன்னொருவர், அவருடைய அடுக்குமாடிக்கு அருகில் வசித்தவர், சனிக்கிழமைதோறும் போகத் தொடங்கினார். சில வாரம் நானும் கூடப் போனேன். வாசலில் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று, அந்த வாரம் யார் யாரிடம் தோற்றார்கள் என்று காற்பந்துக் கதை பேசுவார். உள்ளே அறைக்கதவு மூடியே இருக்கும். நண்பரின் அம்மா சங்கடத்தோடு, “உள்ள வாங்க தம்பி, அவன் தூங்குறான்” என்பார். “பரவால்ல ஆன்ட்டி” என்று ஒரு பொட்டலம் தே தாரிக்கைக் கம்பியில் மாட்டிவிட்டு வந்துவிடுவோம். சில நாள் அது அப்படியே ஆறிப்போய் இருந்ததாக ஆன்ட்டி பின்னர் சொன்னார்.

ஏழாவது சனிக்கிழமையோ எட்டாவதோ, அறைக்கதவு திறந்தது. “அந்த கோல் ஆஃப்சைட்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது நீண்ட கதை: கல்லூரி ஆலோசகர், மருத்துவர், ஒரு பருவம் விடுப்பு. நண்பர்கள் சிகிச்சை அளிக்க முடியாது. வேலையைச் செய்தவர்கள் அவர்கள்தாம். அவர் இப்போது படிப்பை முடித்து வேலையில் இருக்கிறார். எது உதவியது என்று ஒருமுறை கேட்டேன். “நீங்க காரணம் கேட்டிருந்தா, பதில் தயார் பண்ணணுமேன்னு இன்னும் ஒரு மாசம் உள்ளயே இருந்திருப்பேன்” என்றார்.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ பேச ஆள் தேவைப்பட்டால், சிங்கப்பூரில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். எஸ்ஓஎஸ் அமைப்பின் 24 மணி நேர எண் 1767. அவர்களுக்கு 9151 1767 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 995.

‘ஒமோரி’யை யாருக்குப் பரிந்துரைப்பேன்? கீழ்நிலை உயர்நிலை மாணவர்களுக்கு இல்லை. அண்மையில் நெருங்கிய ஒருவரை இழந்தவர்களுக்கும், தற்கொலை எண்ணங்களோடு போராடுபவர்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம். இதன் இறுதிப் பகுதி உண்மையிலேயே கனமானது, சில காட்சிகளை மென்மையாக்க உருவாக்கியவர்கள் முயலவில்லை. மற்றவர்கள், முடிந்தால் என்னைப்போல் நள்ளிரவில் தனியாக ஆடாமல், யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆடலாம். கணினியிலும், 2022 முதல் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றிலும் கிடைக்கிறது.

இவ்வளவு கனம் வேண்டாம், ஆனால் இந்த மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு நம் அண்டை வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. இந்தோனீசியாவின் சுராபாயாவில் இயங்கும் மொஜிக்கென் ஸ்டூடியோ 2023 ஜனவரியில் வெளியிட்ட ‘எ ஸ்பேஸ் ஃபார் தி அன்பவுண்ட்’. இதுவும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் தொடும் கதைதான். 1990களின் இறுதியில், ஒரு சிற்றூரில் நடக்கிறது. ஒரு சிவப்புப் புத்தகத்தின் துணையோடு மற்றவர்களின் மனத்துக்குள் புகுந்து அங்கே அடைபட்டிருப்பதைச் சரிசெய்யும் மாணவன்தான் நாயகன். அவன் பெயர் ஆத்மா, ஊரின் பெயர் லோகா, அவன் சந்திக்கும் சிறுமியின் பெயர் நிர்மலா. வடமொழியிலிருந்து அவர்களிடமும் நம்மிடமும் வந்து சேர்ந்த பெயர்கள் என்பதால், அகராதி இல்லாமலே கதையின் பாதி சூட்சுமம் நமக்குப் பிடிபட்டுவிடும். புள்ளிகளால் வரைந்த அந்தி வானத்துக்காக மட்டுமே ஆடலாம். தெருவில் திரியும் பூனைகளைத் தடவிக்கொடுக்கலாம், பெயரும் வைக்கலாம். நான் முதல் பூனைக்கு மைலோ என்று வைத்தேன்.